திரும்பி வர்ற தடம்

சீனிவாசலு: அக்கா, மொதல்ல நடக்கறத நிறுத்துங்க.

ரங்கநாயகி: நின்னுட்டேன் சீனு.

சீனிவாசலு: மூச்சு வாங்கற சத்தம் இங்க உடுமலை வரைக்கும் கேக்குதுங்க.

ரங்கநாயகி: இப்பத்தான நின்னேன். சித்த பொறு... ம். சொல்லு.

சீனிவாசலு: நீங்கதானுங்க சொல்லோணும். எங்க நிக்கறீங்க?

ரங்கநாயகி: அது தெரிஞ்சா தம்பிய எதுக்குக் கூப்பிடறேன்?

சீனிவாசலு: செரி... கோயமுத்தூர்லதான?

ரங்கநாயகி: நக்கலா?

சீனிவாசலு: இல்லீங்க, கேட்டுக்கறது நல்லதில்லீங்களா. காலையில உங்க பையன் வம்சி கூப்பிட்டான். 'இன்னிக்கு வந்து அம்மாவ பெங்களூருக்குக் கூட்டிட்டுப் போயிர்றேன் மாமா'ன்னான்.

ரங்கநாயகி: என்னமோ அவன் என்னையப் பெத்தவனாட்டப் பேசறான். சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஊட்டுக்கு வாரான். அவன் வர்றப்ப நான் ஊட்டுக்குள்ள இருக்கோணும். தனியா டவுனுக்குப் போயி, தனியாத் திரும்பி வந்து, காப்பி போட்டு வெச்சுட்டு உக்காந்திருக்கோணும். அப்பறம் யாரு யாரைக் கூட்டிட்டுப் போறதுன்னு பேசிக்கலாம்.

சீனிவாசலு: அப்படி ஒரு பேச்சு நடந்துச்சா?

ரங்கநாயகி: நடந்துச்சு. 'தனியாப் போயிட்டு வந்து காட்டறேன், அப்ப இங்கயே விட்டுருவியா'ன்னு கேட்டேன். அவன் சிரிச்சான்.

சீனிவாசலு: சிரிச்சா...?

ரங்கநாயகி: சிரிச்சா ஒத்துக்கிட்டான்னு நான் எடுத்துக்கிட்டேன்.

சீனிவாசலு: அக்கா...

ரங்கநாயகி: இழுக்காத. சுக்கிரவார்பேட்டையில மிக்ஸி ரிப்பேர் பண்றவர்கிட்ட ஜாரக் குடுத்திருந்தேன். அத வாங்கலாம்னு நடந்தே போனேன். ஆர்.எஸ்.புரத்துல நம்ம ஊட்டுல இருந்து கெளம்பி, காந்தி பார்க் தாண்டி, நேரா அவரு கடை முன்னால போய் நின்னேன். ஒரு எடத்துல தடுமாறலை. ஒருத்தரக் கேக்கலை. ஜார வாங்கிப் பைல போட்டுட்டு, ரொம்பப் பெருமையாத் திரும்பினேன்...

சீனிவாசலு: திரும்பினதும்?

ரங்கநாயகி: கொஞ்ச தூரம் வரைக்கும் செரியாத்தான் வந்தேன். அப்பறம் பாத்தா, நான் வந்த ரோடாட்டத் தெரியல. போறப்பப் பாத்தது எதையும் காணோம்.

சீனிவாசலு: போறது செரியா வருது. திரும்பி வர்றதுதான்...

ரங்கநாயகி: என்ன சொல்ற?

சீனிவாசலு: ஒண்ணுமில்லீங்க. சும்மா சொன்னேன்.

ரங்கநாயகி: அங்க என்ன பஸ் சத்தம் கேக்குது? நீ எங்க இருக்க?

சீனிவாசலு: சும்மா வெளிய வந்தேனுங்க. என்னைய விடுங்க. ஏனுங்க அக்கா, பேசாம ஒரு ஆட்டோவப் புடிச்சு...

ரங்கநாயகி: ஆட்டோவுல போனா ஆட்டோக்காரருக்குத் தடம் தெரியும்னு ஆகும். எனக்குத் தெரியும்னு எப்படி ஆகும்?

சீனிவாசலு: வம்சி பாத்துட்டா இருக்கான்?

ரங்கநாயகி: நான் பாத்துட்டு இருக்கேனே.

சீனிவாசலு: அப்ப போன்ல மேப்புப் போட்டுப் பாருங்க. வம்சி சொல்லிக் குடுத்தானில்ல.

ரங்கநாயகி: போட்டேன். அதுல பேசற புள்ள 'வடகிழக்கா போங்க'ங்குது. நடு ரோட்டுல நின்னுட்டு வடகிழக்க எங்கன்னு தேடறது? அது 'திரும்புங்க'ன்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள திருப்பம் போயிருது. அப்பறம் திரும்பவும் மொதல்ல இருந்து ஆரம்பிக்குது. எனக்கு அந்தப் புள்ளயப் பாத்தா பாவமாப் போச்சு. அமத்திப் போட்டேன்.

சீனிவாசலு: என்னையக் கூப்பிட்டா மட்டும் தனியா வந்ததா ஆகுமா?

ரங்கநாயகி: நீ தடம் சொல்லாத. கேள்வி கேளு. பதில நான் சொல்லிக்கறேன். பதட்டத்துல எனக்குக் கேள்வியே வர மாட்டேங்குது, அதுக்குத்தான் உன்னையக் கூப்பிட்டேன்.

சீனிவாசலு: நெம்ப ஞாயம்.

ரங்கநாயகி: இரு, ஒருத்தரு வாராரு.

ஆட்டோக்காரர்: ஏனுங்கம்மா, எங்கீங்க போகோணும்?

ரங்கநாயகி: எங்கயும் போகலீங்க.

ஆட்டோக்காரர்: இல்லீங்க, நெம்ப நேரமா இந்தக் கரண்டு ட்ரான்ஸ்பாரத்துக்கிட்டயே நிக்கறீங்க. ரெண்டு வாட்டி அக்கட்டாலயும் இக்கட்டாலயும் நடந்தீங்க.

ரங்கநாயகி: நடந்தேன். சாயங்காலமானா நடக்கச் சொல்லி டாக்டரு சொல்லியிருக்காரு.

ஆட்டோக்காரர்: பை கனமா இருக்குதாட்ட இருக்குது. ஏறுங்க, இறக்கி விட்டர்றேன். காசெல்லாம் வேண்டாமுங்க. என்ற அம்மாளும் இப்படித்தான், சில நேரம்...

ரங்கநாயகி: இப்படித்தான்னா?

ஆட்டோக்காரர்: தப்பா சொல்லலீங்க.

ரங்கநாயகி: தெரியுது கண்ணு. நல்ல மனசுல கேக்கறீங்க. உங்க அம்மா இப்ப எங்க இருக்காங்க?

ஆட்டோக்காரர்: ஊட்டுலதானுங்க. வெளிய விடறதில்லீங்க.

ரங்கநாயகி: விடுங்க. கூடவே ஒரு அம்பதடி பின்னால நடங்க. ஆனா விடுங்க.

ஆட்டோக்காரர்: ...செரிங்கம்மா. அப்ப நீங்க பஸ் ரோட்டுக்குப் போகோணும்னா இந்தப் பக்கமா...

ரங்கநாயகி: சொல்லாதீங்க, சொல்லாதீங்க. நானே கண்டுபுடிச்சுக்கறேன்.

ஆட்டோக்காரர்: நான் எதிர் டீக்கடையிலதான் நிப்பேனுங்க. கை காட்டினா வாரேன்.

ரங்கநாயகி: போயிட்டாரு. நல்ல பையன். தடத்தச் சொல்லிக் கெடுத்திருப்பான்.

சீனிவாசலு: கேட்டுச்சுங்க. ஆனா ட்ரான்ஸ்பாரம்னு சொன்னாரில்ல, அது ஒண்ணு கெடைச்சுது. அதுக்குப் பக்கத்துல ஒரு சைக்கிள் கடை இருக்கும் பாருங்க. வாடகை சைக்கிள்.

ரங்கநாயகி: சைக்கிள் கடையா? மொபைல் கடை இருக்குது. கண்ணாடி போட்டு, ஏசி போட்டு.

சீனிவாசலு: அதுக்கு அடுத்தது விறகுக்கடை.

ரங்கநாயகி: அடுத்தது பல் டாக்டரு.

சீனிவாசலு: அதுக்கு எதிர்ல ஓட்டு ஊடு, வரிசையா நாலு...

ரங்கநாயகி: எதிர்ல ஏழு மாடி. டேய் சீனு, நீ உன்ற மண்டைக்குள்ள இருக்கற பழைய கோயமுத்தூர்ல நடக்கற. நான் நிக்கறது இதுல.

சீனிவாசலு: அதுவும் செரிதானுங்க. கடையெல்லாம் விடுங்க. மாறாதது எதாவது கேக்கறேன். வெயில் உங்களுக்கு எங்க அடிக்குது?

ரங்கநாயகி: தலை மேல.

சீனிவாசலு: மணி நாலு ஆச்சுங்க, தலை மேல எப்படி அடிக்கும்? நடந்துட்டு வந்தீங்களே, அப்ப மூஞ்சியிலயா, முதுகுலயா?

ரங்கநாயகி: மூஞ்சியில. கண்ணு கூசுச்சு. அதுலதான் எல்லாம் குழம்புச்சோ என்னவோ.

சீனிவாசலு: அப்ப என்ன தெரியுது?

ரங்கநாயகி: ...மேக்கால நடந்திருக்கேன்.

சீனிவாசலு: நம்ம ஊடு காந்தி பார்க்குல இருந்து எந்தப் பக்கம்?

ரங்கநாயகி: வடக்கால. ஐயோ. வடக்க திரும்ப வேண்டிய எடத்துல திரும்பாம நேரா வந்துட்டேன். இது பொன்னையராஜபுரத்துப் பக்கம். சந்துக்குள்ள சந்துக்குள்ள வந்துட்டேன்.

சீனிவாசலு: நான் ஒண்ணும் சொல்லலை. நீங்களே சொல்லீட்டீங்க.

ரங்கநாயகி: அப்ப வெயிலு முதுகுல அடிக்கற மாதிரி திரும்பி நடந்தா காந்தி பார்க் வரும்.

சீனிவாசலு: வரோணும்.

ரங்கநாயகி: 'வரோணும்'னு சொல்லாத. 'வரும்'னு சொல்லு.

சீனிவாசலு: வருமுங்க.

ரங்கநாயகி: நடக்கறேன். போன வெக்காத.

சீனிவாசலு: வெக்க மாட்டேன். மெதுவா நடங்க. அந்த ஜார் பைய இடது கைக்கு மாத்திக்கோங்க.

ரங்கநாயகி: எந்தக் கையில இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?

சீனிவாசலு: ரெண்டு கையில எதுல இருந்தாலும் மாத்தினா நல்லதுதானுங்க.

ரங்கநாயகி: ரொம்பத்தான். அக்கா கல்யாணத்துக்கு வந்தப்ப மண்டபத்த மாத்திப் போட்டவன் நீ.

சீனிவாசலு: அத இப்ப எதுக்குங்க...

ரங்கநாயகி: யாரோ பொண்ணு கல்யாணத்துல உக்காந்து விருந்து சாப்பிட்டு, மொய்யும் எழுதி வெச்சுட்டு, 'எங்க அக்காவக் காணோமே'ன்னு மாப்பிள்ளை ஊட்டுக்காரங்களப் போய்க் கேட்டியே.

சீனிவாசலு: சாப்பாடு நல்லா இருந்துச்சுங்க அங்க. உங்க கல்யாணத்துல ரசம் தண்ணியா இருந்துச்சு.

ரங்கநாயகி: சிரிக்க வெக்காத, நடக்க முடியல... சீனு, இங்க ரெண்டா பிரியுது.

சீனிவாசலு: வெயிலு?

ரங்கநாயகி: ரெண்டுக்குமே முதுகுலதான் அடிக்கும் போல. ஒண்ணு கொஞ்சம் சாய்வாப் போகுது.

சீனிவாசலு: எதுல ஆளுக எச்சா போறாங்க? பஸ் ரோட்டுக்குப் போற சந்துல கூட்டம் எச்சா இருக்கும்.

ரங்கநாயகி: இடது பக்கத்துல ஸ்கூல் புள்ளைங்க போகுதுக. வண்டியும் போகுது.

சீனிவாசலு: அப்ப?

ரங்கநாயகி: அப்ப இடது.

சீனிவாசலு: ஏனுங்க அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? போன மாசம் அவிநாசியில மயக்கம் வந்துச்சுன்னு சொன்னீங்களே... அந்த மாதிரி இப்ப ஒண்ணும் இல்லையே? தலை சுத்துதா?

ரங்கநாயகி: அது மயக்கம் இல்ல சீனு.

சீனிவாசலு: அப்பறம்?

ரங்கநாயகி: அவிநாசியில ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம் நானும் வம்சியும். முகூர்த்தம் முடிஞ்சதும் சித்த நேரம் கோயிலுக்குப் போயிட்டு வாரேன்னு நான் மட்டும் நடந்து போனேன். சாமி கும்பிட்டுட்டு வெளிய வந்தேன். மண்டபம் எந்தப் பக்கமுன்னு தெரியல. எத்தனை தடவை போன கோயிலு அது. ரோட்டப் பாத்துட்டே நின்னேன். ஒரு பக்கமாக் கொஞ்ச தூரம் போறது, இது இல்லைன்னு திரும்பி வர்றது. செருப்பு வாங்கக்கூட மறந்துட்டு வெறுங்காலோட நடந்திருக்கேன். காலு சுட்டதுகூடத் தெரியல.

சீனிவாசலு: போன் இல்லீங்களா?

ரங்கநாயகி: இருந்துச்சு. வம்சியக் கூப்பிட்டு என்ன சொல்றது? 'கண்ணு, அம்மாவுக்கு மண்டபம் தெரியல'ன்னா? பூ வித்துட்டு இருந்த ஒரு அம்மா கையப் புடிச்சு உக்கார வெச்சு தண்ணி குடுத்தாங்க. 'மயக்கமாம்மா?'ன்னு அவங்கதான் கேட்டாங்க. ஆமான்னுட்டேன். சவுரியமா இருந்துச்சு அந்த வார்த்தை. அப்பறம் வம்சி வந்ததும் அதையே சொன்னேன். உன்கிட்டயும் அதையே சொன்னேன்.

சீனிவாசலு: டாக்டர்கிட்டயுமா?

ரங்கநாயகி: அவருகிட்ட நெசத்தச் சொல்லிட்டேன். வம்சி மருந்து வாங்க வெளிய போனப்ப சொன்னேன். தலையப் படம் புடிச்சாங்க. கணக்கு, பேரு, தேதி எல்லாம் கேட்டாங்க. 'பெரிய வியாதி ஒண்ணும் தெரியல, வயசானா மண்டையில இருக்கற வரைபடந்தான் மொதல்ல மங்கும். போறப்பப் பாத்தத, வர்றப்பத் திருப்பிப் போட்டுப் பாக்கறது கஷ்டமாயிரும்'னாரு. அடுத்த வருசமும் வந்து காட்டச் சொல்லியிருக்காரு.

சீனிவாசலு: அதுக்கு என்ன பண்ணச் சொன்னாரு?

ரங்கநாயகி: பழகின தடத்த விட்டராதீங்க, நடந்துட்டே இருங்கன்னாரு. அதத்தான் பண்றேன். இப்ப நீயே சொல்லு. பெங்களூருல பதினோராவது மாடியில கொண்டுபோய் வெச்சா, புதுசா ஒரு ஊரு இந்த மண்டையில ஏறுமா? லிப்டுக்கும் கதவுக்கும் நடுவுல முடிஞ்சுரும் என்ற பொழப்பு. இங்க பாதி மறந்தாலும் மீதி பாதி இருக்குது. அந்த மீதிய வெச்சு நான் நடந்துக்குவேன்.

சீனிவாசலு: நீங்க சொல்றது... செரிதான். புது ஊரு ஏறாதுங்க. எவ்வளவு முக்கினாலும் ஏறாது.

ரங்கநாயகி: உனக்கென்ன, மக ஹர்ஷிணி ஊட்டுல, உடுமலைக் காத்துல, ராசாவாட்ட இருக்க. இங்க இருந்து போயி மூணு வருசத்துல அந்த ஊருக்காரனாவே ஆயிட்ட.

சீனிவாசலு: ...ஆமாங்க.

ரங்கநாயகி: இந்தா, பெரிய ரோடு வந்துருச்சு. பஸ் போகுது. சீனு, பார்க் தெரியுது. காந்தி பார்க் வந்துட்டேன்.

சீனிவாசலு: வந்துட்டீங்களா. நல்லதுங்க. உக்கார எடம் இருந்தா சித்த உக்காருங்க.

ரங்கநாயகி: உக்காந்தா எந்திரிக்க மனசு வராது. ஆனா... இத்தனை ரோடு இருக்குதே இங்க. போறப்ப ஒரே ரோடாத்தான இருந்துச்சு.

சீனிவாசலு: போறப்ப பார்க்கு உங்களுக்கு எந்தக் கைப்பக்கம் இருந்துச்சு?

ரங்கநாயகி: சோத்தாங்கை... இல்ல, பீச்சாங்கை... பொறு. நீ கேக்கக் கேக்க எனக்கு ரெண்டும் ஒண்ணாயிருது.

சீனிவாசலு: வெயில வெச்சு...

ரங்கநாயகி: இங்க எல்லாப் பக்கமும் கட்டடம். நெழலா இருக்குது. பேசாத, பேசாத. யோசிக்கறேன்.

சீனிவாசலு: செரிங்க.

ரங்கநாயகி: ஐயோ, இப்பப் பாத்து இன்னொரு லைன்ல வம்சி கூப்பிடறான்.

சீனிவாசலு: எடுங்க. எடுக்கலீன்னா பயந்துக்குவான். என்னைய ஹோல்டுல போடுங்க. வெச்சராதீங்க, அக்கா... வெச்சராதீங்க.

ரங்கநாயகி: வெக்கலடா. இரு.

...

ரங்கநாயகி: சீனு?

சீனிவாசலு: இருக்கேனுங்க. என்ன சொன்னான்?

ரங்கநாயகி: வந்துட்டே இருக்கானாம், நீலாம்பூர் தாண்டிட்டானாம். 'எங்கம்மா இருக்கே, சத்தமா இருக்குது'ன்னான். 'காந்தி பார்க்குல இருக்கேன், ஊட்டுக்கு நடந்து வந்துட்டு இருக்கேன்'னேன். 'தனியாவா'ன்னான். 'தனியாத்தான்'னேன். 'அங்கயே நில்லு, நான் வந்து ஏத்திக்கறேன்'னான்.

சீனிவாசலு: நீங்க?

ரங்கநாயகி: 'நேரா ஊட்டுக்கு வா, காப்பி போட்டு வெக்கறேன்'னு சொல்லிட்டு வெச்சுட்டேன்.

சீனிவாசலு: ஊட்டுக்கு எந்த ரோடுன்னு தெரியறதுக்கு முன்னாலயே.

ரங்கநாயகி: முன்னாலயேதான். சொன்னதுக்கப்பறம் போய்த்தான ஆகோணும். சீனு, நான் ஒண்ணு பண்றேன், சிரிக்கக் கூடாது.

சீனிவாசலு: என்னங்க?

ரங்கநாயகி: டாக்டரு சொன்னாரில்ல, போறப்பப் பாத்தத திருப்பிப் போட முடியலைன்னு. மண்டைக்குள்ள திருப்பிப் போட முடியலைன்னா நானே திரும்பிக்கிட்டா என்ன?

சீனிவாசலு: புரியலீங்க.

ரங்கநாயகி: ஒவ்வொரு ரோட்டுக்குள்ளயும் நாலடி போயி, அப்பறம் ஊட்டுல இருந்து வர்றவளாட்டத் திரும்பி நின்னு பாக்கறேன். போறப்ப என்ற கண்ணுல பட்டது அப்பத்தான தெரியும். இப்ப நான் பாக்கறது எல்லாத்துக்கும் முதுகுப் பக்கம். முதுகப் பாத்து யாரைத்தான் அடையாளம் தெரியும்?

சீனிவாசலு: அக்கா... நெசமாவே அது நல்ல யோசனைங்க.

ரங்கநாயகி: மொத ரோடு. நாலடி. திரும்பறேன்... இல்ல. இந்தச் சுவரு நான் பாக்கலை.

சீனிவாசலு: அடுத்தது போங்க. ரோட்டத் தாண்டறப்ப பாத்து.

ரங்கநாயகி: தாண்டிட்டேன். ஆளுக பாக்கறாங்க. ஒரு கிழவி போறதும் திரும்பறதுமா இருக்காளேன்னு.

சீனிவாசலு: பாக்கட்டும்.

ரங்கநாயகி: பாக்கட்டும்னுதான் நானும் சொல்றேன்... நாலடி. திரும்பறேன். சீனு.

சீனிவாசலு: சொல்லுங்க.

ரங்கநாயகி: நீலக் கலர் தண்ணி டேங்கு. மொட்டை மாடியில. பக்கத்துல பச்சைச் சேலை காயுது. போறப்ப அதப் பாத்தேன். இத்தனை வெயிலுல சாயம் போயிருமேன்னு நெனைச்சேன். இன்னும் காயுது.

சீனிவாசலு: அப்ப இதுதான் நீங்க வந்த ரோடு.

ரங்கநாயகி: இதுதான். இதேதான். வெயிலும் இப்ப இடது கன்னத்துல அடிக்குது.

சீனிவாசலு: இடது கன்னம்னா?

ரங்கநாயகி: வடக்க பாத்து நடக்கறேன்னு அர்த்தம். கேள்வி கேக்கறேன்னு எல்லாத்துக்கும் கேக்காத.

சீனிவாசலு: உங்க கொரலே மாறிப் போச்சுங்க.

ரங்கநாயகி: தண்ணி குடிச்சேன். பையில இருந்துச்சு. இத்தனை நேரம் அதுவும் ஞாபகம் வரலை... இனி நீ ஒண்ணும் கேக்காத. சும்மா பேசிட்டு வா.

சீனிவாசலு: என்ன பேசறதுங்க?

ரங்கநாயகி: ஹர்ஷிணி எப்படி இருக்கா?

சீனிவாசலு: நல்லா இருக்கா. காலேஜ் வேலைக்குப் போனா சாயங்காலந்தான் வருவா. மாப்பிள்ளை தென்னந்தோப்பு, தேங்கா மண்டின்னு அலைவாரு. பகல்ல நான் மட்டுந்தான்.

ரங்கநாயகி: நடக்கப் போறியா?

சீனிவாசலு: போறேனுங்க. ஊட்டுக்கு முன்னாலயே வாசப்படிக்கும் கேட்டுக்கும் நடப்பேன்.

ரங்கநாயகி: அதென்ன நடை? அங்க அமராவதி அணை, அது இதுன்னு எத்தனை எடம் இருக்குது. பஸ்ஸேறிப் போயிட்டு வரலாமில்ல.

சீனிவாசலு: போகலாமுங்க.

ரங்கநாயகி: சம்பந்தம் ரோடு போர்டு வந்துருச்சு. கிழக்கு சம்பந்தம் ரோடுன்னு போட்டிருக்குது. நம்முளுது மேற்கு. நடுவுல டி.பி. ரோட்டத் தாண்டோணும். பாத்தியா, கேக்காமயே சொல்றேன்.

சீனிவாசலு: கேட்டுட்டுத்தான் இருக்கேன்.

ரங்கநாயகி: தாண்டறேன். சத்தமா இருக்கும், பேசாத... தாண்டிட்டேன். அந்தப் பட்டுக்கடை. மருந்துக்கடை. எங்க பக்கத்து ஊட்டு வெங்கடலட்சுமி வாசல்லயே நிக்கறாங்க. 'எங்கீங்க போயிட்டு வாரீங்க'ன்னு கேக்கறாங்க. சுக்கிரவார்பேட்டைக்குப் போயிட்டு வாரேனுங்க. ஆமாங்க, நடந்துதான். ஆமாங்க, தனியாத்தான்... சீனு, கேட்டைத் தொறந்துட்டேன்.

சீனிவாசலு: உள்ள போயிட்டீங்களா?

ரங்கநாயகி: போயிட்டேன். நாற்காலியில உக்காந்துட்டேன். வம்சி இன்னும் வரலை.

சீனிவாசலு: ஜெயிச்சுட்டீங்க அக்கா.

ரங்கநாயகி: இன்னிக்கு ஜெயிச்சுட்டேன். நாளைக்கும் போவேன். பூ மார்க்கெட் வரைக்கும். வம்சி வேணும்னா பின்னால அம்பதடி தள்ளி வரட்டும். அவன் வந்ததும் மயக்கம் இல்லைங்கறதையும் சொல்லிர்றேன். மறைச்சு வெச்சா நானே எனக்குப் பயந்துட்டு இருப்பேன்.

சீனிவாசலு: சொல்லுங்க. சொல்றது நல்லதுங்க.

ரங்கநாயகி: நீ இல்லைன்னா அந்த ட்ரான்ஸ்பாரத்துக்கிட்டயே நின்னிருப்பேன். செரி, உனக்கும் நேரமாச்சு. ஹர்ஷிணி வந்திருப்பா, நீ ஊட்டுக்குப் போ. நான் காப்பி போடறேன். வெக்கட்டுமா?

சீனிவாசலு: வெக்காதீங்க அக்கா. மத்தியானம் சோறு உண்டுபோட்டு, கண்ணாடிக்கு புது ஃபிரேம் போடலாம்னு கடைவீதிக்கு வந்தேன். போறப்ப செரியாத்தான் போனேனுங்க. திரும்பி வர்றப்ப... இந்த உடுமலை பஸ் ஸ்டாண்டு பெஞ்சுலதான் அப்ப இருந்து உக்காந்திருக்கேன். ஹர்ஷிணியக் கூப்பிடறதா வேண்டாமான்னு போனக் கையில எடுத்தப்பத்தான் நீங்க கூப்பிட்டீங்க. இது மூணாவது வாட்டிங்க, யாருகிட்டயும் சொன்னதில்ல. நீங்க தடம் சொல்ல வேண்டாம், உங்களுக்கு இந்த ஊரு தெரியாது. லைன்ல மட்டும் இருங்க, கேள்வி கேளுங்க. நான் எந்திரிச்சுட்டேன்.